டிவி கேம் திரை மாதிரி தினம் ஒரு கடற்கரைப் படம் போடும் பாட்: போட்டோவைச் சுருக்கினால் சேறாகிறது, என்ன செய்யலாம்?

பாலத்தடி_சர்வீஸ் (தங்கச்சிமடம்) கேட்டது:

வணக்கம். தங்கச்சிமடத்தில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். இங்கே வருகிற போன்களில் பெரும்பாலானவை கடல் தண்ணீர் பட்டவை. பாலித்தீன் கவரில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுத்தான் படகுக்குக் கொண்டுபோகிறார்கள், ஆனாலும் சார்ஜிங் ஜாக்கைக் கழற்றினால் உள்ளே பச்சை பூத்திருக்கும். போர்டைக் கழுவிக் காயவைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் மத்தியான நேரத்தில் பைத்தானில் நிரல் எழுதிப் பழகுகிறேன். கம்ப்யூட்டர் படித்த ஆள் இல்லை, வீடியோ பார்த்துக் கற்றதுதான். அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

விஷயம் இதுதான். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் டிவி கேம் இருந்தது. மஞ்சள் கேசட்டை ஊதி ஊதிச் சொருகுவோம். மரியோ, காண்ட்ரா எல்லாம் அங்கே பார்த்ததுதான். அந்தத் திரையில் எங்கள் ஊர் வந்தால் எப்படி இருக்கும் என்று ரொம்ப நாளாக ஆசை. பாம்பன் பாலம், குந்துகால், அரிச்சல்முனை, வரிசையாகக் கட்டிக்கிடக்கும் விசைப்படகுகள், பனைமரம், உடைமரம். தினம் காலையில் ஒரு படம். நான் கை வைக்காமலே ஒரு பாட், அதாவது தானாக ஓடும் நிரல், அதை இணையத்தில் போட வேண்டும்.

இப்போதைக்கு என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: போனில் எடுத்த போட்டோவை, பைத்தானில் பட வேலைக்கு இருக்கும் பில்லோ நூலகத்தால் 160-க்கு 144 புள்ளியாகச் சுருக்குகிறேன், நாலு பச்சை நிறத்துக்கு மாற்றுகிறேன், மறுபடி பெரிதாக்குகிறேன். பாலம் படத்தைப் போட்டால் தூண்களில் ஒன்று தெரிகிறது, அடுத்தது காணோம். கடலும் வானமும் எங்கு பார்த்தாலும் புள்ளி புள்ளியாகக் கலந்து ஒரே சேறு. பெரிதாக்கிய பிறகு ஓரமெல்லாம் மங்கல். டிவி கேமில் இருக்கும் அந்தச் சுத்தம் இல்லை.

ஏஐ-யிடமும் கேட்டுப் பார்த்தேன். தூரத்தில் பார்த்தால் ஜோராக இருக்கிறது. கிட்டே போனால் கட்டங்கள் ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. பாம்பன் பாலம் என்று கேட்டால் ஏதோ வெளிநாட்டுத் தொங்குபாலத்தைத் தூக்கிக் கொடுக்கிறது. அது வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இன்னொரு தொல்லை எழுத்து. டிவி கேமில் மேலே ஸ்கோர் ஓடும் இடத்தில் ஊர்ப் பெயரும் கிழமையும் வர வேண்டும். மண்டபம், பாம்பன் சரியாக வருகிறது. ராமேஸ்வரத்தில் இரட்டைக்கொம்பு ம-வுக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கிறது. தனுஷ்கோடியைக் கேட்கவே வேண்டாம்.

எதில் போடுவது, எதில் ஓட்டுவது என்பதும் தெரியவில்லை. டிஸ்ப்ளே போன பழைய போன்கள் கடையில் நிறையக் கிடக்கின்றன. அதிலேயே ஓட்ட முடிந்தால் செலவில்லை.

நிலா_தொண்டி:

அண்ணே, எனக்குத் தொண்டி. சென்னையில் ஒரு கேம் கம்பெனியில் படம் வரைகிற வேலை. உங்கள் கேள்வியைப் பார்த்ததும் கை பரபரத்துவிட்டது, நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், நீங்கள் ஆசைப்படுகிற பெட்டி வேறு, பிடித்திருக்கிற அளவு வேறு. 160-க்கு 144, நாலு பச்சை என்பது 1989-இல் வந்த கேம் பாய். கையில் வைத்து விளையாடுவது. நம் பக்கம் அதைப் பார்த்தவர்களே குறைவு, நமக்குக் கிடைத்தது திருவிழாக் கடை பிரிக் கேம்தான். மஞ்சள் கேசட் போட்ட டிவி கேம் எல்லாம் ஜப்பானில் 1983-இல் வந்த ஃபேமிகாமின் நகல்கள். அதன் திரை 256-க்கு 240. நிறமும் உண்டு. நீங்கள் தெருவில் பார்த்தது அந்தப் படம். அதற்கு மாறிவிடுங்கள்.

இரண்டாவது, தூண் ஏன் காணாமல் போகிறது என்பதற்குக் கணக்கு எளிது. 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்துக்குச் சுமார் 145 தூண்கள். பாலம் முழுவதையும் 160 புள்ளி அகலத்துக்குள் அடைத்தால் ஒரு தூணுக்கும் அதன் பக்கத்து இடைவெளிக்கும் சேர்த்து ஒரு புள்ளிதான் மிஞ்சும். 256 என்றாலும் இரண்டு புள்ளிகூட வராது. எந்த ஃபில்டர் போட்டாலும் அந்தத் தூண்களைக் காப்பாற்ற முடியாது.

அந்தக் காலத்து ஆட்கள் போட்டோவைச் சுருக்கவே இல்லை அண்ணே. வரைந்தார்கள். ஃபேமிகாமில் பின்னணி முழுக்க 8-க்கு 8 புள்ளியுள்ள டைல்களால் ஆனது. திரையில் குறுக்கே 32, நெடுக்கே 30, ஆக 960 இடம். ஆனால் ஒரு சமயத்தில் கையில் இருப்பது 256 டைல்தான். அதனால் ஒரே டைலைத் திரும்பத் திரும்ப வைத்துத்தான் உலகத்தைக் கட்டினார்கள். அந்தச் சுத்தம் என்று நீங்கள் சொல்வது அங்கிருந்து வருவது.

இப்போது நம் பாலத்தைப் பாருங்கள். கர்டர், தூண், தூண் அடியில் நுரை, வெறும் தண்ணீர். நாலைந்து டைல் வரைந்தால் பாலம் முடிந்தது. 16 புள்ளிக்கு ஒரு தூண் வைத்தால் திரைக்குக் குறுக்கே 16 தூண் வரும். 145 எங்கே என்று யாரும் எண்ணப் போவதில்லை, பார்த்த உடனே பாம்பன் என்று தெரியும். நடுவில் கப்பலுக்குத் திறக்கும் இடத்துக்கு மட்டும் தனி டைல்கள். இதில் எந்தப் பாலம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். பழையதில் இரண்டு இறக்கைகள் சாய்ந்து மேலே போகும். 2025 ஏப்ரலில் திறந்த புதியதில் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே 72.5 மீட்டர் பகுதி அப்படியே நேராக மேலே ஏறும். இரண்டுக்கும் டைல் வரைந்து வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போட்டாலும் நல்லதுதான், ஊர்க்காரர்களுக்குள் எது அழகு என்று சண்டை நடக்கும். சண்டை நடந்தால்தான் பாட்டைப் பின்தொடர்வார்கள்.

நிறம்தான் இதில் கஷ்டமான இடம். அந்தப் பெட்டிக்குத் தெரிந்தது சுமார் 54 நிறம். பின்னணிக்கு நாலு செட். ஒவ்வொரு செட்டிலும் மூன்று நிறம், அது போக எல்லாச் செட்டுக்கும் பொதுவாக ஒரு நிறம். 16-க்கு 16 புள்ளிக் கட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒரே செட். நீங்கள் சிவப்புப் படகைக் கடலில் வைத்தால், படகின் ஓரம் இருக்கும் கட்டத்தில் கடலுக்கும் படகுக்கும் சேர்த்து ஒரே செட்டிலிருந்துதான் நிறம் எடுக்க வேண்டும். இதற்கு ஒரு வழி: மரியோவில் பொதுநிறம் வானத்தின் நீலம். நீங்கள் அதைக் கடலுக்குக் கொடுங்கள். அப்போது எந்தக் கட்டத்திலும் கடல் இலவசமாகக் கிடைக்கும், படகுக்கு முழுசாக மூன்று நிறம் மிஞ்சும். வானத்துக்கு ஒரு செட்டைச் செலவழிக்கலாம், நம் ஊரில் வானம் அதற்குத் தகுதியானதுதான்.

1985-இல் வந்த சூப்பர் மரியோவில் மேகமும் புதரும் ஒரே வடிவம், நிறம் மட்டும் மாற்றம். போய்ப் பாருங்கள். நமக்கு அதே வேலையை உடைமரம் செய்யும். குடை விரித்தது போலத் தட்டையாக இருக்கும் அதன் தலையை வெள்ளையில் போட்டால் மேகம், பச்சையில் போட்டு அடியில் ஒரு தண்டு வைத்தால் மரம்.

புள்ளி புள்ளியாகச் சேறு ஆவதற்குக் காரணம் பில்லோ. நிறத்தைக் குறைக்கும்போது ஃபிளாய்ட்-ஸ்டெய்ன்பெர்க் முறையில் அதுவாகவே புள்ளி தெளித்துவிடும். டிதர் என்கிற அமைப்பை நிறுத்துங்கள். அந்த முறையில் ஒரு புள்ளியில் வரும் பிசகை அடுத்த புள்ளிக்குத் தள்ளிக்கொண்டே போவார்கள், அதனால் எந்த இரண்டு டைலும் ஒன்றாக இருக்காது, 256 கணக்கு உடைந்துவிடும். சாயங்கால வானத்துக்கு நிறம் மாறி மாறி வர வேண்டும் என்றால் பேயர் முறையில் 4-க்கு 4 கட்டத்தை வைத்துச் செய்யுங்கள். அது ஒரே ஒழுங்கில் திரும்ப வரும்.

பெரிதாக்கும்போது நியரஸ்ட் என்ற முறை மட்டும். அதுவும் முழு எண் மடங்கு. நாலு மடங்கு என்றால் 1024-க்கு 960. மூன்றரை மடங்கு என்று போனால் கட்டங்கள் ஏஐ படம் மாதிரியே ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு ஆகிவிடும். சேமிப்பது பிஎன்ஜி. ஜேபெக் தொடவே வேண்டாம்.

அப்புறம் பாட் என்ன செய்யும்? வரைவது நீங்கள், அடுக்குவது அது. தேதியை விதையாகக் கொடுத்து ரேண்டம் எண் எடுக்கச் சொல்லுங்கள். எந்த இடம், எத்தனை படகு, பறவை உண்டா, காலையா சாயங்காலமா என்று அது தீர்மானிக்கட்டும். மாதத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு நடுக்கடலில் நிற்பது போல் படம் வந்தால் ஊரே சிரிக்கும்.

கீழக்கரை_காக்கா:

ஊர் கீழக்கரை, இருப்பது துபாய், சர்வர் பார்க்கிற பிழைப்பு. படம் பற்றி நிலா சொல்லிவிட்டது, நான் குழாய் வேலையை மட்டும் சொல்கிறேன்.

தம்பி, வாட்ஸ்அப்பில் தானாகப் போடும் யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். இணையத்தில் கிடைக்கும் அதிகாரபூர்வமற்ற நூலகங்களைப் போட்டால் எண்ணை முடக்குவார்கள். அது உங்கள் கடை எண்ணாக இருந்தால் பிழைப்பே போச்சு. இன்ஸ்டாகிராமுக்கு தொழில்முறைக் கணக்கு வேண்டும், ஜேபெக் மட்டும்தான் வாங்கும், படமும் ஏதாவது ஒரு பொது முகவரியில் ஏற்றி வைத்திருக்க வேண்டும். பிக்சல் படத்துக்கு அது சரிப்படாது. ட்விட்டர் 2023-இல் பழைய இலவச வழியை மூடியதில் இந்த மாதிரிப் படம் போடும் பாட்கள் கூட்டமாகச் செத்தன.

மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளம் எளிது. கணக்கு தொடங்கி, அமைப்பில் போய் டோக்கன் (பாட் உள்ளே நுழைவதற்கான சாவி) எடுத்து, இது பாட் கணக்கு என்ற கட்டத்தில் டிக் போடுங்கள். படத்தை முதலில் ஏற்ற வேண்டும், வரும் எண்ணைப் பதிவோடு இணைக்க வேண்டும், அவ்வளவுதான். சேரும் சர்வரின் விதிகளை மட்டும் படித்துவிடுங்கள், சிலர் பாட்களை விடமாட்டார்கள். பாட்களுக்கென்றே இருந்த பாட்ஸின்ஸ்பேஸ் சர்வரை 2024 கடைசியில் மூடிவிட்டார்கள். ப்ளூஸ்கையிலும் செய்யலாம், அதற்கு உங்கள் உண்மையான கடவுச்சொல்லைக் கொடுக்காமல் ஆப் பாஸ்வேர்டு என்று தனியாக ஒன்று எடுத்துக் கொடுங்கள். நம் ஊர் ஆட்கள் பார்க்க வேண்டும் என்றால் டெலிகிராம் சேனல். பாட்ஃபாதர் என்ற டெலிகிராமின் சொந்தப் பாட்டிடம் டோக்கன் வாங்கி, பாட்டைச் சேனலில் அட்மின் ஆக்கினால் போதும். படமாக அனுப்பினால் ஜேபெக் ஆக்கிவிடும், கோப்பாக அனுப்பினால் பிஎன்ஜி அப்படியே போகும். படமாக ஒன்று, அடியில் கோப்பாக ஒன்று என்று இரண்டும் அனுப்புங்கள்.

ஓட்டுவதற்கு டெர்மக்ஸ் (ஆண்ட்ராய்டு போனில் பைத்தான் ஓட்ட உதவும் ஆப்) போட்ட பழைய போன் போதும். எஃப்-ட்ராய்டு என்ற ஆப் கடையிலிருந்து இறக்குங்கள். பில்லோவை பிப் வழியாகக் கட்டப் போய் மாட்டிக்கொள்ளாமல் டெர்மக்ஸின் சொந்தப் பேக்கேஜாகவே எடுங்கள். பேட்டரி சிக்கனம் என்று ஆண்ட்ராய்டு அதைத் தூங்கவைத்துவிடும், வேக் லாக் போட வேண்டும். இருபத்துநாலு மணி நேரமும் சார்ஜில் கிடக்கும் போனில் பேட்டரி உப்புவதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கரண்ட் போகும், நெட் போகும் என்று பயந்தால் கிட்ஹப் ஆக்ஷன்ஸ், உங்கள் கோடைக் குறித்த நேரத்தில் அவர்கள் கம்ப்யூட்டரிலேயே ஓட்டித் தரும் சேவை. அங்கே நேரம் உலக நேரம். நம் காலை 6 மணிக்கு 0 மணி 30 நிமிடம் என்று எழுத வேண்டும். சொன்ன நிமிடத்துக்கு ஓடாது, கொஞ்சம் தாமதமாகும், காலைப் படத்துக்கு அதனால் நஷ்டமில்லை. கோடு வைத்திருக்கும் பொதுக் களஞ்சியத்தில் 60 நாள் எந்த மாற்றமும் இல்லை என்றால் அட்டவணையை நிறுத்திவிடுவார்கள், அவ்வப்போது ஒரு டைலாவது சேர்த்துக்கொண்டிருங்கள். டோக்கனைக் கோடுக்குள் எழுதாதீர்கள், சீக்ரெட்ஸ் என்ற இடத்தில் வையுங்கள்.

பாலத்தடி_சர்வீஸ்:

நிலா தங்கச்சிக்கும் காக்காவுக்கும் ரொம்ப நன்றி.

கணக்கு நோட்டு வாங்கிக் கட்டத்தில் பென்சிலால் வரைய ஆரம்பித்திருக்கிறேன். கடலைப் பொதுநிறம் ஆக்கியதும் எல்லாம் சட்டென்று அடங்கிவிட்டது, அதுவரை படகுக்கு நிறமே போதவில்லை. பாலம் நன்றாக வந்திருக்கிறது. கர்டருக்கு ஒரே டைல், அதைத் திருப்பிப் போட்டால் அடுத்த பாதி.

படகுதான் பஞ்சாயத்து. போன் வாங்க வந்த ஒரு அண்ணன் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "வல்லத்துக்கு அணியம் இப்படியா படுத்துக் கிடக்கும்?" என்று கேட்டுவிட்டார். முன்பக்கத்தை இரண்டு புள்ளி தூக்கினேன். "இப்ப சரி, ஆனா இது வல்லமில்ல, விசைப்படகு" என்றார். எட்டுப் புள்ளி உயரத்தில் இரண்டு புள்ளி ஏறினால் படகே மாறிவிடுகிறது. இப்போது வல்லம் ஒன்று, விசைப்படகு ஒன்று, பாய் கட்டிய வத்தை ஒன்று என்று தனித்தனியாக வரைந்துகொண்டிருக்கிறேன். அந்த அண்ணன் போனை வாங்கிய பிறகும் போகவில்லை, வீல் ஹவுஸ் எங்கே இருக்க வேண்டும் என்று விரலால் காட்டிவிட்டுத்தான் போனார்.

இப்போது ஒரு யோசனை வருகிறது. மேலே ஸ்கோர் இடத்தில் ஊர்ப் பெயரோடு அன்றைய காற்று, அலை உயரம் போடலாமா? பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் அதையும் படத்தில் கம்பத்தில் ஏற்றலாமா? கேமில் உயிர் எத்தனை மிச்சம் என்று காட்டுவது மாதிரி இருக்கும்.

மூக்கையூர்_சோழகம்:

தம்பி, நான் கோடு எழுதுகிற ஆள் இல்லை. மகன் காட்டினான், படித்தேன். அப்பா காலத்திலிருந்து கடல் தொழில், இப்போது கரையில் இருக்கிறேன். நான் சொல்லச் சொல்ல மகன் தட்டுகிறான்.

காற்றைப் போடுங்கள், நல்லது. ஓப்பன்-மீட்டியோ என்ற தளத்தில் வணிகம் அல்லாத வேலைக்குச் சாவி எதுவும் இல்லாமலே காற்றும் அலை உயரமும் கிடைக்கும் என்று மகன் சொல்கிறான். அதில் காற்றின் திசை டிகிரியில் வரும். 0 என்றால் வடக்கிலிருந்து வருகிற காற்று, 90 என்றால் கிழக்கிலிருந்து. வருகிற திசை அது, போகிற திசை இல்லை. நாங்கள் பேர் சொல்வதும் அப்படித்தான். வாடை வடக்கிலிருந்து, கொண்டல் கிழக்கிலிருந்து, சோழகம் தெற்கிலிருந்து, கச்சான் மேற்கிலிருந்து. ஆகவே பெயரை எண்ணிலிருந்து நேராக எடுக்கலாம், அம்பு வரைந்தால் மட்டும் எதிர்ப்பக்கம் திருப்பி வரைய வேண்டும். வாடைக்கு அம்பு தெற்கே பார்க்கும். என்னைக் கேட்டால் அம்பே வேண்டாம், வாடை என்று எழுதுங்கள், எல்லோருக்கும் புரியும்.

உங்கள் தீவுக்கு இரண்டு பக்கமும் கடல். பாக் நீரிணைப் பக்கம் பெண் கடல், மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண் கடல் என்று தனுஷ்கோடியில் சொல்வார்களே, அது உங்களுக்குத் தெரியும். கச்சான் காலத்தில் மன்னார்ப் பக்கம் கொந்தளிக்கும், பாக் பக்கம் குளம் மாதிரி கிடக்கும். வாடை வந்தால் மாறிவிடும். பாம்பன் என்று ஒரே ஒரு அலை உயரம் போட்டால் அது எந்தக் கடலின் அலை? இரண்டு இடத்துக்குத் தனித்தனியாக எடுங்கள். படத்திலும் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு அலை டைல், அந்தப் பக்கம் வேறு அலை டைல் வைத்தால் உண்மையாகவும் இருக்கும், பார்க்கவும் நன்றாக இருக்கும்.

கூண்டு வேண்டாம். இதில் நான் கறாராகச் சொல்கிறேன். கூண்டை ஏற்றுவது இறக்குவது துறைமுகத்து வேலை. உங்கள் பாட் காலை 6 மணிக்கு ஒரு தரம் ஓடுகிறது. அதற்குப் பிறகு இரண்டாம் எண்ணை இறக்கி மூன்றாம் எண் ஏற்றினால் உங்கள் படத்தில் அன்று முழுக்க இரண்டுதான் நிற்கும். அந்தப் படத்தை யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்புவான், அது அடுத்த நாளும் சுற்றும். விளையாட்டுப் படம் என்று உங்களுக்குத் தெரியும், மூன்று மணிக்கு வலை ஏற்றுகிறவனுக்குத் தூக்கக் கலக்கத்தில் எண் மட்டும்தான் தெரியும். உயிர் மிச்சம் என்று காட்டுவதும் எனக்குப் பிடிக்கவில்லை. 1964-இல் தனுஷ்கோடியை அழித்த புயலைப் பார்த்த குடும்பங்கள் அந்தத் தீவில் இன்னும் இருக்கின்றன.

அலை உயரம் போட்டாலும் தேதியைப் படத்துக்குள்ளேயே பெரிதாக எழுதுங்கள். தொழிலுக்குப் போகிறவர்கள் ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையத்தின் அறிவிப்பையும் மீன்துறை சொல்வதையும்தான் பார்க்க வேண்டும் என்று அறிமுகத்தில் ஒரு வரி. அன்றைக்குத் தகவல் கிடைக்கவில்லை என்றால் நேற்றைய எண்ணைப் போடாமல் அந்த இடத்தைக் காலியாக விடட்டும் என்று மகனும் சேர்த்துச் சொல்லச் சொல்கிறான்.

சாயல்குடி_புள்ளி:

எழுத்துப் பிரச்சினைக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. டிடிபி கடையில் வேலை பார்த்தவன், அதனால் இது எனக்குப் பழகிய தலைவலி.

பில்லோவுக்குள் ராக்கம் என்ற நூலகம் சேர்ந்திருந்தால்தான் கொம்பை முன்னால் கொண்டுவரும். அது இல்லையென்றால் யூனிகோடு சேமித்திருக்கும் வரிசையிலேயே வரைந்துவிடும். சேமிப்பில் மே என்பது ம, அதற்குப் பிறகுதான் இரட்டைக்கொம்பு. அதனால்தான் உங்கள் ராமேஸ்வரம் அப்படி நிற்கிறது. பைத்தானில் பில்லோவின் ஃபீச்சர்ஸ் பகுதியைக் கேட்டால் ராக்கம் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடும்.

ஆனால் ராக்கம் வந்தாலும் உங்களுக்கு உதவாது. சாதாரண எழுத்துருவைச் சின்ன அளவில் போட்டால் ஓரத்தை வழவழப்பாக்க இடைநிறங்களைச் சேர்க்கும், மூன்று நிறச் செட் கதை அங்கேயே முடிந்தது. ஃபான்ட்மோடை 1 ஆக்கி அதை நிறுத்தலாம், நிறுத்தினால் ண-வின் சுழி அடைத்துக்கொள்ளும். எழுத்தையும் டைலாகவே வரைந்துவிடுங்கள்.

எட்டுக்கு எட்டில் ஆங்கிலம் அடங்கும், தமிழ் அடங்காது. ஜப்பான்காரர்கள் கான்ஜி என்ற தங்கள் எழுத்துகளுக்கு 16-க்கு 16 எடுத்த மாதிரி நாமும் உயரம் 16 எடுக்க வேண்டும். அகலத்தில் மட்டும் சிக்கனம் செய்யலாம்: ர, ட, கால், கொம்பு எல்லாம் 8 போதும். ண, ஞ, ஐ போன்றவற்றுக்கு 16. புள்ளியை ஒற்றைப் புள்ளியாக வைத்தால் போனில் தெரியாது, இரண்டுக்கு இரண்டாக வையுங்கள்.

247 எழுத்தையும் வரையப் போகிறீர்களா என்று பயப்படாதீர்கள். கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக்கொம்பு நாலும் தனித் துண்டுகள், எந்த மெய்யோடும் ஒட்டும். புள்ளியும் அப்படியே. பெரும்பாலான எழுத்துகளுக்கு இகர விசிறியையும் மேலே ஒட்டிவிடலாம், டி மட்டும் தனி. உகர ஊகாரம்தான் எழுத்துக்கு எழுத்து வேறு வேறு, அவற்றைத் தேவைப்படும்போது வரைந்தால் போதும். முதலில் ஊர்ப் பெயர் பட்டியலை எழுதுங்கள்: பாம்பன், மண்டபம், ஏர்வாடி, வாலிநோக்கம், தேவிபட்டினம், மூக்கையூர், தொண்டி. இதில் மூ, யூ இரண்டும்தான் தொந்தரவு. அதோடு கிழமைக்கு வேண்டிய பு, வெ, செ, ஞா எல்லாம் சேர்த்தால் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும்.

வரிசை மாற்றும் வேலைக்குப் பைத்தானிலேயே யூனிகோட்டேட்டா இருக்கிறது. அதில் என்எஃப்டி (NFD) என்று கேட்டால் கோ-வில் இருக்கும் ஓகாரக் குறியை இரட்டைக்கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்துத் தரும். அதன் பிறகு எங்கே கொம்பைப் பார்த்தாலும் அதற்கு முன்னால் உள்ள மெய்யோடு இடம் மாற்றச் சொல்லுங்கள். டைப்ரைட்டரில் கொம்பை முதலில் அடித்துவிட்டு எழுத்தை அடிப்போமே, அதே வரிசை வந்துவிடும். ஏழெட்டு வரிக் கோடுதான்.

நிலா_தொண்டி:

மூக்கையூர் மாமா சொன்ன இரண்டு அலை யோசனையை நான் என் வேலைக்கே திருடப் போகிறேன்.

அண்ணே, ஒன்று விட்டுப்போச்சு. பார்வை இல்லாதவர்களுக்காகப் படத்தோடு விளக்க வரி ஒன்று கொடுக்க மாஸ்டடான், ப்ளூஸ்கை இரண்டிலும் இடம் உண்டு. போட்டோ பாட் என்றால் படத்தில் என்ன இருக்கிறது என்று அதற்கே தெரியாது. உங்கள் பாட் ஒவ்வொரு டைலையும் தானே எடுத்து வைக்கிறது. எந்த இடம், எத்தனை வல்லம், எந்தக் காற்று என்ற அதே பட்டியலை வைத்து, "பாம்பன் பாலம், காலை. இடப்பக்கம் இரண்டு வல்லம். வாடைக்காற்று" என்று வாக்கியம் கோத்துக்கொள்ளலாம். கூடுதல் வேலையே இல்லை.

படகு விஷயத்தில் இன்னொன்று. நகரும் உருவங்களுக்கு அந்தப் பெட்டியில் ஒரு வரிக்கு எட்டு ஸ்ப்ரைட்தான். 32 புள்ளி நீளப் படகு இரண்டு வைத்தாலே எட்டு முடிந்துவிடும். அதனால் துறையில் கட்டியிருக்கும் படகுகளைப் பின்னணி டைலாகவும், ஓடுகிற ஒரு வல்லத்தை மட்டும் ஸ்ப்ரைட்டாகவும் வையுங்கள். நிற்கிற படத்துக்கு இது அவசியமா என்றால் இல்லைதான். ஆனால் பிறகு ஜிஃப் ஆக்கிப் பாலத்தைத் தூக்கி இறக்க நினைத்தால் இந்தப் பிரிவு கைகொடுக்கும்.

அபூர்வமாக மட்டும் வருகிற ஒன்று இரண்டை ஒளித்து வையுங்கள். ஆவுளியா (கடல்பசு) ஒன்று தண்ணீருக்கு மேல் மூக்கை மட்டும் நீட்டுவது, பூநாரைக் கூட்டம். பூநாரைக்கு மாதக் கணக்கு பார்த்துக்கொள்ளுங்கள், ஆடி மாதத்தில் கோதண்டராமர் கோயில் பக்கம் பூநாரை நின்றால் யாராவது பறவைக்காரர் வந்து பிடித்துக்கொள்வார்.

பாலத்தடி_சர்வீஸ்:

சரி, முடிவு செய்துவிட்டேன். கூண்டு இல்லை, உயிர் இல்லை. மூக்கையூர் அண்ணன் சொன்னபடி காற்றின் பெயர், இரண்டு கடலுக்கும் தனித்தனி அலை, பெரிய எழுத்தில் தேதி. கிட்ஹப்பில் ஓட்டப் போகிறேன் காக்கா. பழைய போனில் போட்டால் பேட்டரியைக் கழற்றிவிட்டு நேராகச் சப்ளை கொடுக்க வேண்டியிருக்கும், அது எனக்குக் கைவந்த வேலைதான், ஆனால் இங்கே கரண்ட் நம்மை நம்பி இல்லை.

சாயல்குடி நண்பரே, மூ வரைந்துவிட்டேன், 16-க்குள் நிற்கிறது. யூ-வைப் பார்த்தால் பூ மாதிரித் தெரிகிறது, வால் எந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்று ஒரு படம் வரைந்து அனுப்ப முடியுமா? அது வரும் வரை மூக்கையூரைப் பட்டியலில் சேர்க்கவில்லை, அண்ணன் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

டெலிகிராமில் சோதனைச் சேனல் தொடங்கியதும் இணைப்பை இங்கேயே போடுகிறேன்.

சாயல்குடி_புள்ளி:

இரவு அனுப்புகிறேன். ய-வுக்கு நடுவில் ஒரு கோடு மேலே ஏறும், ப-வுக்கு அது இல்லை. அந்த நடுக்கோட்டை இரண்டு புள்ளி அகலமாக்கி, இரண்டு பக்கமும் குறைந்தது இரண்டு புள்ளி வெற்றிடம் விட்டுப் பாருங்கள், அதிலேயே பாதி சரியாகிவிடும்.